பர்னாந்து, பெர்டினாண்ட், அப்புறம் உன் மகன்

தம்பி ரீகனுக்கு அப்பா எழுதுவது.

சம்பந்தி தன் அப்பாவின் பெயரைப் பேரனுக்கு வைக்க ஆசைப்படுகிறார், அந்தப் பெயர் பெர்டினாண்ட், அதுவும் நம் பெர்னாண்டோவும் ஒன்றுதான் என்று உன் ஆபீஸில் யாரோ சொல்கிறார், நிஜமா என்று போனில் கேட்டாய். நிஜம்தான். இதோடு விட்டிருந்தால் "ஆமாம்பா" என்று சொல்லி முடித்திருப்பேன். ஆனால் கூடவே இன்னொன்றும் சொன்னாய். "எப்படியும் வெள்ளைக்காரன் குடுத்த பேருதானே, பேசாம பிள்ளைக்கு பெர்னாண்டோவே வேண்டாம்னு விட்டுரலாமா?" அதற்குத்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் வரும். ஓய்வுபெற்ற கப்பல்காரனுக்கு வேறென்ன வேலை? மருமகளுக்கு நீயே மொழிபெயர்த்துச் சொல்லிக்கொள்.

வெள்ளைக்காரன் கொடுத்தது என்கிறாயே, எந்த வெள்ளைக்காரன்? போர்த்துக்கீசியன் என்பாய். சரி, அவனுக்கு யார் கொடுத்தது? அவன் மொழியிலும் அந்தப் பெயருக்குப் பொருள் கிடையாது. லிஸ்பனில் ஒரு பெர்னாண்டோவைப் பிடித்து உன் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் நம்மைப் போலவேதான் முழிப்பான். அது போர்த்துக்கீசியமும் இல்லை, ஸ்பானியமும் இல்லை, லத்தீனும் இல்லை. கோத்தியப் பெயர். ஜெர்மன், ஆங்கிலம், டச்சு, ஸ்வீடிஷ் எல்லாம் இருக்கிற குடும்பத்தில் செத்துப்போன ஒரு மொழி கோத்தியம்.

அந்தக் கோத்தியர் யார் என்பதைக் கொஞ்சம் கேள். கி.பி. 376ல் ஹூணர்களுக்குப் பயந்து டான்யூப் ஆற்றைக் கடந்து ரோமப் பேரரசுக்குள் அகதிகளாக வந்தவர்கள். நீ வியன்னாவில் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஓட்டுகிற அதே டான்யூப்தான், ஆனால் அவர்கள் கடந்தது வெகு கீழே, கருங்கடலை நெருங்குகிற பக்கம். வந்தவர்களை ரோம அதிகாரிகள் பட்டினி போட்டு, தின்பதற்கு ஒரு நாயைக் கொடுத்துவிட்டு அதற்கு விலையாக ஆளை அடிமையாக வாங்கினார்கள், தலைவர்களின் பிள்ளைகளைக்கூட விடவில்லை என்று அந்தக் காலத்து ரோம வரலாற்றாசிரியர் அம்மியானுஸே எழுதி வைத்திருக்கிறார். பசித்த கூட்டம் சும்மா இருக்குமா? 378ல் எட்ரியானோப்பிள் போரில் பேரரசர் வேலன்ஸ் செத்தார். 410ல் ரோம் நகரமே சூறையாடப்பட்டது. அப்புறம் மேற்கே போய், தென் பிரான்சில் ஆண்டு, 507ல் பிராங்குகளிடம் தோற்று, கடைசியில் ஸ்பெயினில் தொலேதோ நகரைத் தலைநகராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். 711ல் ஜிப்ரால்டரைத் தாண்டி வந்த இஸ்லாமியப் படை அவர்களுடைய கடைசி அரசர்களில் ஒருவரான ரொட்ரிகோவைத் தோற்கடிக்கும்வரை அந்த ஆட்சி நடந்தது. ஆமாம், ரொட்ரிகோ. நம் ஊரில் எத்தனை ரொட்ரிகோ வீடு இருக்கிறது என்று உனக்கே தெரியும், அதுவும் கோத்தியப் பெயர்தான்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஸ்பெயினை ஆண்ட கோத்தியர் கொஞ்சப் பேர்தான். ஆளப்பட்டவர்கள் லத்தீன் பேசிய உள்ளூர்க்காரர்கள், எண்ணிக்கையில் பல மடங்கு. 587ல் கோத்திய அரசர் ரெக்காரேத் உள்ளூர்க்காரர்களின் கத்தோலிக்க மதத்துக்கு மாறினார். மொழியையும் மெல்ல மெல்ல விட்டுவிட்டார்கள், வீட்டில்கூட லத்தீன்தான். இன்றைய ஸ்பானியத்திலும் போர்த்துக்கீசியத்திலும் கோத்தியச் சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்கிறார்கள். ஆனால் பெயர்கள் மட்டும் போகவில்லை. பெர்னாண்டோ, அல்போன்சோ, ரொட்ரிகோ, கொன்சாலோ, அல்வாரோ, எல்விரா எல்லாம் நின்றுவிட்டன. காரணம் பெரிய ரகசியம் இல்லை. அரசன் வீட்டுப் பெயர் என்று உள்ளூர்க்காரனும் தன் பிள்ளைக்கு வைக்க ஆரம்பித்தான். கொடுத்த மொழியும் போய், கொடுத்த அரசும் போய், வாங்கிக்கொண்டவன் வீட்டில் பெயர் தங்கிவிட்டது. இதைப் படித்தபோது எனக்குத் தொலேதோ ஞாபகத்துக்கு வரவில்லை, நம்ம கடற்கரைத் தெருதான் வந்தது.

சரி, பொருளுக்கு வருகிறேன். ஜெர்மானியர்கள் பெயரை இரண்டு துண்டாகச் செய்வார்கள். புகழ், வீரம், ஓநாய், ஈட்டி, வெற்றி, அமைதி என்று ஒரு கைப்பிடி சொற்கள். அவற்றில் இரண்டை எடுத்துக் கோத்தால் பெயர். நம் பக்கத்தில் அருளையும் ராஜையும் சேர்த்து அருள்ராஜ், ஜெபத்தையும் ராஜையும் சேர்த்து ஜெபராஜ் என்று வைக்கிறோமே, அதே வேலை. அப்பா பெயரில் ஒரு துண்டு, அம்மா பெயரில் ஒரு துண்டு எடுத்துப் பிள்ளைக்குக் கோப்பதும் உண்டு. பழைய ஜெர்மன் பாட்டு ஒன்றில் தாத்தா ஹெரிபிராண்ட், மகன் ஹில்டெபிராண்ட், பேரன் ஹாடுபிராண்ட். பின்துண்டு மூன்று தலைமுறைக்கும் ஒன்றே. அதனால் இரண்டு துண்டையும் சேர்த்து ஒரு முழு வாக்கியமாகப் பொருள் தேடக்கூடாது, துண்டு துண்டாகத்தான் பார்க்க வேண்டும்.

நம் பெயரில் பின்துண்டு நாந்த். துணிவு, துணிந்து இறங்குவது. இதில் சந்தேகமே இல்லை. இதற்கு ஒரு சாட்சி உன் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கோத்தியருக்கு உல்ஃபிலா என்ற ஆயர் நாலாம் நூற்றாண்டிலேயே விவிலியத்தை மொழிபெயர்த்துக் கொடுத்தார், அந்த மொழிக்கு எழுத்தையே அவர்தான் உண்டாக்கினார். ஊதாச் சாயம் தோய்த்த தோலில் வெள்ளி மையால் எழுதின பிரதி ஒன்று ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. மாற்கு 15ஆம் அதிகாரத்தில் அரிமத்தியா ஊர் யோசேப்பு துணிந்து பிலாத்திடம் போய் இயேசுவின் உடலைக் கேட்டார் என்று வருகிறதல்லவா, அந்தத் 'துணிந்து' என்கிற இடத்தில் கோத்தியத்தில் நிற்கிற சொல் இந்த நாந்த் வேரில் பிறந்தது. மாற்கு நற்செய்தி வாசிக்கிற குருத்து ஞாயிறில் அந்த இடம் வரும்போதெல்லாம் இனிமேல் எனக்குப் பர்னாந்து என்றுதான் காதில் விழும் என்று உன் அம்மா சொல்கிறாள்.

முன்துண்டில்தான் சண்டை. சிலர் அதை ஃப்ரித் என்கிறார்கள், அமைதி, பாதுகாப்பு. சிலர் ஃபார்த் என்கிறார்கள், பயணம். இரண்டுமே உனக்குத் தெரிந்த சொற்கள்தான். அமைதிக்கு ஜெர்மனில் ஃபிரீடன். பயணம் உன் ரயில் நிலையத்துப் பலகையிலேயே தொங்குகிறது, புறப்பாட்டுக்கு அப்ஃபார்ட் என்று போட்டிருப்பார்களே, அது. நாந்த் மட்டும் இன்றைய ஜெர்மனில் வழக்கொழிந்துவிட்டது, அதனால் சம்பந்திக்கும் தன் அப்பா பெயர் காதால் கேட்டு விளங்காது. நீ சொல்லிக் கொடுக்கலாம்.

எந்தப் பக்கம் சாய்வது? நான் கடல்காரன், என் தாத்தா கொழும்புக்குத் தோணி விட்ட தண்டல், எனக்குப் பயணம் என்று இருந்தால்தான் ருசிக்கும். பயணத்துக்குத் துணிந்தவன்! கடற்கரைக்காரனுக்கு இதைவிட என்ன பெயர் வேண்டும்? ஆனால் ஸ்பெயினில் லெயோன், காஸ்தில் பக்கத்துப் பழைய பத்திரங்களில் இந்தப் பெயரை ஃபிரெதெனாந்துஸ், ஃபிரெதினாந்துஸ் என்று எழுதியிருக்கிறார்கள். 1065ல் இறந்த லெயோன் அரசர் முதலாம் பெர்னாண்டோவின் பெயரே அப்படித்தான் வருகிறது. ஃபிரெ என்று ஆரம்பித்தால் அது அமைதிப் பக்கம்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அமைதி, துணிவு. பரவாயில்லை, அதுவும் நல்ல பெயர்தான். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம், அவ்வளவே.

ஆனாலும் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. கடைசியில் உலகத்தையே சுற்றிவந்த பயணத்துக்கு 1519ல் கப்பல்களோடு கிளம்பின மெகல்லன் பெயர் என்ன? பெர்னாவ், அதாவது பெர்னாண்டோதான், போர்த்துக்கீசியத்தில் சுருங்கின வடிவம். அவர் 1521ல் பிலிப்பைன்ஸில் மக்தான் தீவில் கொல்லப்பட்டார், ஒரே ஒரு கப்பல் மட்டும் உலகத்தைச் சுற்றி அடுத்த வருடம் ஊர் திரும்பியது. 1869ல் திறந்த சூயஸ் கால்வாயை வெட்டவைத்த பிரெஞ்சுக்காரர் லெஸ்ஸெப்ஸ், அவரும் பெர்டினாண்ட். அந்தக் கால்வாய் வழியாக எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறேன், வெட்டினவர் நம் பெயர்க்காரர் என்று அப்போது தெரிந்திருந்தால் என்ஜின் ரூமில் கொஞ்சம் பெருமை அடித்திருப்பேன். 1900ல் கான்ஸ்டன்ஸ் ஏரிமேல் ஆகாயக் கப்பலைப் பறக்கவிட்ட செப்பலின் பிரபு, பெர்டினாண்ட். அதே 1900ல் வியன்னாவில் லோனர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்த மின்சாரக் காரைச் செய்து பாரிஸ் கண்காட்சியில் காட்டின போர்ஷே, அவரும் பெர்டினாண்ட். கப்பல், கால்வாய், ஆகாயக் கப்பல், கார். பத்திரம் எதை வேண்டுமானாலும் சொல்லட்டும், இந்த நாலு பேரும் பயணத்துக்குத்தான் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்.

இனி நம் தூத்துக்குடிக் கரைக்கு எப்படி வந்தது என்பது. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நீ அதைத் தப்பான முனையில் பிடித்திருக்கிறாய். முத்துக் குளிக்கிற சலாபத்தின் உரிமை யாருக்கு என்று நம் பரதவ ஆட்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் இந்தக் கரையில் பெரிய மோதல். கோழிக்கோட்டுப் பக்கத்திலிருந்து குதிரை வியாபாரத்துக்கு வந்த, ஏற்கெனவே ஞானஸ்நானம் வாங்கியிருந்த ஜுவாம் த குரூஸ் என்பவர் யோசனை சொல்ல, நம் ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிமார் 1535ல் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரிடம் பேசினார்கள். உங்கள் கப்பல் எங்களைக் காக்கட்டும், நாங்கள் உங்கள் மதத்துக்கு வருகிறோம். 1537க்குள் ஊர் ஊராக ஞானஸ்நானம். புனித சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது 1542ல், அவர் வரும்போது நம் ஆட்களுக்குப் பெயர் இருந்தது, ஜெபம்தான் தெரியாது. (சவேரியார் பெயர் ஜெர்மானியம் இல்லை, அது பாஸ்க் மொழி, புதுவீடு என்று அர்த்தம். இந்தப் பெயர்ப் பைத்தியம் பிடித்தால் இப்படித்தான், எதையும் விட முடியவில்லை.) ஞானத்தந்தையாக நின்ற போர்த்துக்கீசியர்களின் பெயர்களைத்தான் அன்றைக்குக் கொடுத்தார்கள் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள்.

ஆக, வெள்ளைக்காரன் கொடுத்த பெயர் என்று சொல்லாதே. பேரம் பேசி வாங்கின பெயர். சலாபத்தையும் உயிரையும் காப்பாற்றிக்கொள்ள நம் பெரியவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு செய்த ஒப்பந்தம் அது. அந்தப் பேரம் நமக்கு லாபமா நஷ்டமா என்று பேசலாம், நானே இரண்டு பக்கமும் பேசுவேன், போர்த்துக்கீசிய கேப்டன்கள் சிலர் நம் ஆட்களைக் கசக்கிப் பிழிந்ததும் உண்மைதான். 1658ல் டச்சுக்காரன் வந்து அவர்களைத் துரத்தினான். காக்க வந்த கப்பல் போய்விட்டது, பெயர் நம்மிடமே இருந்துவிட்டது, தொலேதோவில் நடந்த மாதிரியே. ஸ்பெயின்காரனுக்கு அது இரவல் பெயர் இல்லை என்றால் நமக்கு மட்டும் எப்படி இரவலாகும்? ஐந்நூறு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வைத்திருக்கிறோம். கோவாவில் பெரும்பாலும் பெர்னாண்டஸ், ஸ்பெயினில் பெர்னாண்டஸ், எர்னாண்டஸ். அந்த 'அஸ்' இன்னாருடைய மகன் என்று காட்டும் வால். நமக்கும் இலங்கைக்கும் பெரும்பாலும் வால் இல்லாத பெர்னாண்டோ, அவர்கள் கிரிக்கெட் டீமிலேயே எத்தனை பேர் பார்த்திருக்கிறாய். அதையும் நம் ஆட்கள் அப்படியே வைத்திருக்கவில்லை, தமிழ் வாய்க்கு வசதியாகப் பர்னாந்து ஆக்கிவிட்டார்கள். வல்லநாட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்து சிலையைக் கடந்துதானே பள்ளிக்கூடத்துக்குப் போனாய், அதில் எப்படி எழுதியிருக்கிறது? 'நாந்து'. லிஸ்பன்காரன் வாயில் வழவழத்துப்போன பின்துண்டு நம் எழுத்தில் கோத்தியனுக்கே அடையாளம் தெரிகிற மாதிரி நிற்கிறது. தற்செயல்தான், இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்.

வியன்னாவுக்கு அது போன கதை நீ அங்கேயே இருந்தும் கேட்டிருக்க மாட்டாய். ஜெர்மானியப் பெயர்தானே, ஜெர்மன்காரர்கள் ஆதியிலிருந்து வைத்திருப்பார்கள் என்று நினைப்போம். அப்படி இல்லை. அந்தப் பக்கத்தில் அது வழக்கத்தில் இல்லாத பெயர். ஸ்பெயினின் பெர்னாண்டோ அரசருக்கும் இசபெல் ராணிக்கும் (கொலம்பஸை அனுப்பினார்களே, அவர்கள்தான்) ஒரு மகள் ஹுவானா. அவளை ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வீட்டில் கொடுத்தார்கள். அவளுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவன் சார்லஸ், 1500ல் பெல்ஜியத்தில் கென்ட் நகரில் பிறந்து அந்தப் பக்கமே வளர்ந்தவன். இளையவன் 1503ல் ஸ்பெயினில் பிறந்தான், தாத்தா பெயரையே வைத்து, தாத்தாவே வளர்த்தார். சொத்துப் பிரிக்கும்போது என்ன ஆனது தெரியுமா? ஸ்பானியம் தெரியாத அண்ணனுக்கு ஸ்பெயின், ஜெர்மன் தெரியாத தம்பிக்கு ஆஸ்திரியா! நம் ஊரில் பாகப்பிரிவினையில்கூட இந்த அநியாயம் நடக்காது. 1521ல் ஆஸ்திரியாவுக்கு வந்த அந்த இளைஞனை வியன்னாக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை, அந்நியன் என்று முறைத்துக்கொண்டு நின்றார்கள். அவன் 1522ல் அந்த நகரத்து மேயரையும் இன்னும் சில பெரிய மனிதர்களையும் வீனர் நொய்ஸ்டாட்டில் விசாரித்துத் தலையை வெட்டிவிட்டான். அப்புறம் எல்லாரும் அடங்கினார்கள், 1558ல் அவனே பேரரசன் முதலாம் பெர்டினாண்ட். அவனுக்குப் பிறகு அந்த வீட்டில் பெர்டினாண்டுகள் வரிசையாக வந்தார்கள், முப்பதாண்டுப் போர்க்காலத்தில் இரண்டு பேர், 1848ல் முடியைத் துறந்தவர் ஒருவர், 1914ல் சரயேவோவில் சுடப்பட்ட பிரான்ஸ் பெர்டினாண்ட் வரைக்கும். அரண்மனையிலிருந்து தெருவுக்கு இறங்கி, கடைசியில் சம்பந்தியின் அப்பாவரைக்கும் வந்து சேர்ந்தது.

ஆகவே உன் ஆபீஸ்காரர் 'உங்கள் பெர்னாண்டோ எங்கள் பெர்டினாண்டிலிருந்து வந்தது' என்று சொல்லியிருந்தால் அதை மட்டும் திருத்திவிடு. அவர்களுடையதும் ஸ்பெயினிலிருந்து வந்த பெயர்தான். 1537க்குள் நம் கரையில் அது புழங்கிவிட்டது, வியன்னாவில் அது நுழைந்து அப்போது ஒரு தலைமுறைகூட ஆகவில்லை. கிட்டத்தட்ட ஒரே காலத்தில் ஒரே வீட்டிலிருந்து கிழக்கே ஒன்று, வடக்கே ஒன்று.

இப்போது உன் மகன் விஷயம். பெர்டினாண்ட் என்று வைத்து, குடும்பப் பெயர் பெர்னாண்டோ என்று போட்டால் ஒரே பெயரை இரண்டு தடவை சொன்ன மாதிரி ஆகும். உன் அம்மா கேட்டதும் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் 1578ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சடித்த அண்டிரிக் அடிகளாரின் முழுப்பெயர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். அதுவும் ஜெர்மானியம்தான், வீடு, தலைவன் என்ற இரண்டு துண்டு. புன்னக்காயலில் இருந்து நம் பேச்சைப் படித்து, தமிழ் எழுத்தில் முதல் புத்தகத்தையே அச்சில் கொண்டுவந்த மனிதருக்குப் பொருந்தினது என் பேரனுக்குப் பொருந்தாதா என்ன? இருந்தாலும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்வார்கள். அங்கே பெர்டினாண்டைச் செல்லமாக ஃபெர்டில் என்று கூப்பிடுவார்களாம், அது வேறு.

குழந்தைக்குத் தாயின் குடும்பப் பெயரும் வைக்கலாம் என்று சொன்னாய். அப்படியானால் என் கணக்கு இது. மருமகளின் குடும்பப் பெயரைப் போடுவதாக இருந்தால் தயங்காமல் பெர்டினாண்ட் என்றே வை. நம் பெயர் பின்னாலிருந்து முன்னால் வந்துவிடும், அது ஆதியில் இருந்த இடமே அதுதான், குடும்பப் பெயராக ஆனதெல்லாம் பிற்பாடுதான். சம்பந்திக்கு அவர் அப்பா கிடைத்தார், நமக்குப் பர்னாந்து கிடைத்தது, யாருக்கும் நஷ்டமில்லை.

பெர்னாண்டோ என்று போடுவதாக இருந்தால் அந்தோணி என்று வை. நான் சொல்வதைக் கேட்டுவிட்டுச் சிரி. லிஸ்பனில் 1195ல் ஒரு பணக்கார வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பெர்னாண்டோ. அகுஸ்தீனார் சபையில் சேர்ந்து கோயிம்ப்ராவில் படித்துக்கொண்டிருந்தார். மொரோக்கோவில் வேதத்துக்காக உயிர்விட்ட பிரான்சிஸ்கன் சகோதரர்களின் உடல்கள் 1220ல் அங்கே வந்து சேர்ந்தன. அதைப் பார்த்து மனசு மாறி பிரான்சிஸ்கன் சபைக்குப் போனார், போன இடத்து மடம் வனத்து அந்தோனியார் பெயரில் இருந்ததால் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார். 1231 ஜூன் 13ல் பதுவையில் இறந்தார். ஆமாம், நம் பதுவை அந்தோனியார்தான். உவரியிலும் கச்சத்தீவிலும் நாம் கும்பிடுகிற அந்தோனியார் பிறப்பால் ஒரு பெர்னாண்டோ. இறந்து ஒரு வருடம்கூட ஆகாமல் 1232 மே 30ல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். கோர்தொபாவையும் செவில்லாவையும் பிடித்த அரசர் மூன்றாம் பெர்னாண்டோ, அவரும் புனிதர்தான், அவர் இறந்தது 1252ல் அதே மே 30. திருநாளும் அன்றைக்கே. அந்தோணி பெர்னாண்டோ என்று வைத்தால் இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது, ஆனால் கேட்டால் இரட்டிப்பு மாதிரித் தெரியாது.

இதைச் சொல்கிறவன் பெயரும் அந்தோணிதான் என்பது உனக்கு ஞாபகம் வந்திருக்கும். மூத்த பேரனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர் என்பது நம் வழக்கம், அதை நான் கேட்காமலே இருந்திருப்பேன், அவர் கேட்டதால் நானும் கேட்கிறேன், அவ்வளவுதான். 'எனக்கு ரீகன்னு வச்சவரு இப்ப புனிதர் பேரப் பத்திப் பேசுறாரு' என்பாய். உன் காலத்தில் நம் தெருவில் கென்னடி இருந்தான், சர்ச்சில் இருந்தான், ஸ்டாலினும் அவன் தம்பி லெனினும் இருந்தார்கள், இன்னொரு அமெரிக்க ஜனாதிபதிதான் குறைவாக இருந்தார். நல்ல பெயர்தான், வியன்னாவில் யாருக்கும் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தோனியார் கதையைச் சம்பந்தியிடம் நீ சொல்லிவிடாதே, வரும்போது நானே சொல்கிறேன், மருமகள் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தால் போதும். விசாவுக்கு அழைப்புக் கடிதம் இன்னும் வரவில்லை, சீக்கிரம் அனுப்பு. அதில் என் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி கடைசியில் 'ஓ' வைத்து பெர்னாண்டோ என்று இருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார். உங்கள் ஊர்க்காரர் கைப்பழக்கத்தில் பெர்டினாண்ட் என்று அடித்துவிட்டால், இரண்டும் ஒன்றுதான் என்று தூதரகக் கவுண்டரில் நின்று இந்தக் கடிதத்தை முழுக்க வாசித்துக்காட்ட என்னால் முடியாது.

அப்பா